சிவப்பு நூல் கட்டிய சாவி

மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் என் அப்பா முதலில் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, இடுப்பை. காற்சட்டையின் வாரில் ஒரு சிறிய சாவி கோத்துத் தொங்கியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

அப்பாவின் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். அவர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் இருந்தார். நகை செய்பவர் அல்ல, விற்பவரும் அல்ல. கடையின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று முதலாளியிடம், இன்னொன்று அப்பாவிடம். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்தான் கதவு அசையும். மற்ற நேரத்தில் அவர் பொட்டலம் கட்டினார், துடைத்தார், தராசை மூடிவைத்தார். ஆனால் அவரை அங்கே வைத்திருந்தது அந்தச் சாவிக்காகத்தான். ஒருமுறை அவருக்குக் கடுமையான காய்ச்சல். முதலாளி வீட்டுக்கு வந்தார். சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. கம்பளியைப் போர்த்தி அப்பாவையும் டிரைஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பெட்டியைத் திறந்த பிறகு அதே டிரைஷாவில் திருப்பி அனுப்பினார்.

ஒரு சாவி, ஒரு பூட்டு, அதற்கு ஓர் ஆள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தோம். சாவியைக் கண்ட இடத்தில் வைத்தால் அம்மா திட்டமாட்டாள். சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள்.

அன்று பேசியதை அம்மா எனக்கு வரி விடாமல் சொல்லியிருக்கிறாள்.

“அது என்ன சாவி, தம்பி?”

“வண்டிச் சாவிங்க. டிராக்டரு. மண்ணு தள்ளுறது.”

புல்டோசர் என்ற சொல் பிறகு வந்தது. அறுபதுகளில் மண்வேலை செய்தவர்களுக்கு எல்லாமே டிராக்டர்தான்.

“பெரிய வண்டியாச்சே. சாவிய வீட்டுக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்களா?”

“ஆமாங்க. சைட்ல வைக்கிறதுக்கு எடம் இல்ல.”

“வேலை நிரந்தரமா?”

“இல்லீங்க. இவ்வளவு நாளா கிரீஸ் போட்டுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் வண்டில ஏத்தி விட்டிருக்காங்க. மூணு மாசம் பார்ப்பாங்க. தாமதம் இல்லாம, வேலை நிக்காம ஓட்டினா நிரந்தரம். இல்லாட்டி திரும்பவும் கிரீஸுதான்.”

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். “பாத்தியா? அத்தனை பெரிய வண்டிய நம்பி இவரு கையில குடுத்திருக்காங்க. இனி நான் விசாரிக்க என்ன இருக்கு?”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். அதற்குள் காப்பி வந்துவிட்டது. காப்பி குடித்து முடித்தபோது பேச்சு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது.

நாங்கள் குடியேறியது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில். பலகைத் தடுப்பு. கீழே மளிகைக் கடை. மிளகாய் வறுக்கிற நாளில் மாடி முழுக்கத் தும்மல். வீட்டில் ஒழுங்காக வைக்க அதிகம் பொருள் இல்லை, இருந்ததை ஒழுங்காக வைத்தேன். கதவின் வலப்பக்கம் தோள் உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். அது சாவிக்கு மட்டும். அவர் மாலையில் வந்ததும் சாவியை என்னிடம் கொடுப்பார். நான் அதைத் துடைத்து ஆணியில் மாட்டுவேன். விடியலில் அவர் செருப்பை மாட்டியதும் முதலில் சாப்பாட்டுத் தூக்கு, பிறகு சாவி. அவர் அதை இரண்டு கையாலும் வாங்குவார். எனக்கு அது வேடிக்கையாகவும் பெருமையாகவும் இருக்கும். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் பேச்சு குறைவு. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் விரல்கள் பட்டன.

முதல் மாதம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் அப்பா வருவார், அம்மா கொடுத்தனுப்பிய பலகாரத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்பார்: “சாவி பத்திரமா இருக்கா, மாப்பிள்ளை?”

“இருக்குங்க, மாமா,” என்பார் இவர். சொல்லும்போது தரையைப் பார்ப்பார். அடக்கம் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை மாலை விளக்கு, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். சாவியையும் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. குங்குமம் வைத்து, மறுநாள் வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று சாமிப் படத்தின் பின்னால் வைத்தேன். ஆணியில் மாட்டவில்லை. விடியலில் மண்ணெண்ணெய் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்புக்கு ஓடினேன். (அவர் இதைப் படித்துவிட்டு, பால் அல்ல, கஞ்சி என்கிறார். எனக்குப் பால் என்றுதான் நினைவு. இரண்டையும் எழுதிவிட்டேன்.) திரும்பி வந்தபோது அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

விளக்கேற்றப் போனபோதுதான் சாவியைப் பார்த்தேன்.

தேக்கா சந்தை முனைக்கு ஓடினேன். ஆட்களை ஏற்றிப்போகும் லாரி போய்விட்டிருந்தது. காய்கறிக் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், “இப்பத்தான் போச்சும்மா,” என்றார். மூன்று மாதத்தில் ஒரு மாதம்தான் பாக்கி. வேலை நிற்கக் கூடாது. வண்டி அங்கே நிற்கிறது, சாவி என் முந்தானையில் இருக்கிறது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. என்னால் ஒரு மனிதர் மறுபடியும் கிரீஸ் டப்பாவைத் தூக்கப்போகிறார் என்பது மட்டும் தெரிந்தது.

அவருக்கு வேலை தோ பாயோவில். அங்கே அப்போது அடுக்குமாடிகள் எழவில்லை. குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. பாலஸ்தியர் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்து விசாரித்து நடந்தேன். சாவி கைக்குட்டையில் முடிச்சிட்டுக் கைக்குள் இருந்தது. கொஞ்ச தூரத்தில் சாலை முடிந்து சிவப்பு மண் தொடங்கியது. முந்தின நாள் மழை. செருப்பு மண்ணில் மாட்டிக்கொண்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒரு சீனப் பெண் கூடையோடு எதிரே வந்தாள். நான் சாவியை எடுத்துக் காட்டினேன். அவள் என் காலைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், பிறகு மேட்டுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

மேட்டின் மேல் ஏறியதும் முழு இடமும் தெரிந்தது. பாதி வெட்டிய குன்று, அதன் காலடியில் மஞ்சள் வண்டிகள். எல்லாம் ஒரே கம்பெனியில் செய்தவை, ஒன்றுபோலவே இருந்தன. எது அவருடையது என்று தெரியாமல் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து நின்றேன். அந்த இரைச்சலில் எங்கோ ஒரு சத்தம் மட்டும் குறைந்ததுபோல் இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே இறங்கிப் போனபோது அவர் தம் வண்டியின் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். வண்டி ஓடவில்லை. பக்கத்து டிராக்டர் ஓட்டுகிற அண்ணன் ஒருவரும் தம் வண்டியிலிருந்து இறங்கி, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, கறுப்புக் குடையை ஊன்றி, மெலிந்த சீனர் ஒருவர் நின்றார். வேலைத்தலைவர் அவர். எல்லாரும் அவரை மலாய்ச் சொல்லால் கெப்பாலா என்றே அழைத்தார்கள்.

“மறந்துட்டுப் போயிட்டீங்க,” என்றேன். மூச்சு வாங்கியது.

“ஆமா,” என்றார். “நல்லவேளை, கொண்டாந்துட்டே.”

கைக்குட்டையை முடிச்சோடு நீட்டினேன். அவரே அவிழ்த்தார். சாவியை வழக்கம்போல இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டுத் திருப்பி, பொத்தானை அழுத்தினார். ஒரே அழுத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

“தங்கச்சி வரலைன்னா இன்னிக்கு இந்தக் குன்னு அப்படியே நின்னிருக்கும்லா,” என்றார் துண்டுக்கார அண்ணன். சுற்றி நின்ற ஒருவர் இருமினார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியின் முன்னால் இருந்த அகலமான தகட்டில் ஈர மண் ஒட்டியிருந்தது. அவர் ஏறுவதற்கு முன்பே புகைக்குழாயின் மேல் காற்று சூட்டில் நடுங்கியது. இரண்டையும் நான் பார்த்தேன். கண்ணில் பட்டதை மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் பார்த்ததைச் சேர்த்துப் பார்க்க அன்று தோன்றவில்லை. என் மனசு முழுக்க கெப்பாலாவின் முகத்தில் இருந்தது. அவர் இவரை அருகில் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. இவர் தலையாட்டினார். பிறகு கெப்பாலா என் மண் காலைப் பார்த்தார். ஒரு கூலியாளைக் கூப்பிட்டுத் தண்ணீர் வாளி ஒன்று கொண்டுவரச் சொன்னார். நான் கால் கழுவி முடிக்கும்வரை யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலை, “என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“மூணு மாசம் இப்ப நாலு மாசமாச்சு.”

“என்னாலயா?”

“சேச்சே. எல்லாருக்கும்தான். கம்பெனி முடிவு.”

எல்லாருக்கும் என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் மறுபடி இப்படி நடக்கக் கூடாது. தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூல் எடுத்து மூன்று புரியாக முறுக்கி, சாவியின் துளையில் கோத்து முடிச்சுப் போட்டேன். இருட்டிலும் கண்ணில் படும். அவர் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

“அவுந்துடாதே?”

“நான் போட்ட முடிச்சு அவுராது,” என்றேன். அவர் பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு மாலையில் வீடு வருவது கொஞ்சம் தாமதமாயிற்று. லாரி தாமதம் என்றார். ஆனால் ஒரு நாள்கூட சாவி வராமல் இருந்ததில்லை. சில நாள் நூலில் கிரீஸ் கறை, சில நாள் சேறு. துவைத்துக் காயவைத்து மாட்டுவேன். நான்காவது மாதம் முடிந்து அவரை நிரந்தரமாக்கினார்கள். அப்பா கோயிலில் அர்ச்சனை செய்தார், சாவியின் பெயருக்கும் சேர்த்துத்தான் என்று அம்மா கேலி செய்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். வண்டிகளைக் கழுவி, மாவிலை கட்டி, சந்தனம் பூசியிருந்தார்கள். மண் மேட்டில் ஒரு பலகை, அதன்மேல் வாழையிலை, பொரி, கடலை, பழம். கெப்பாலாவும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து குடையை மடக்கி ஓரமாக நின்றார். நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். எல்லா வண்டிச் சாவிகளையும் அதில் போடச் சொன்னார்கள். நான் நடுவே இடம் பார்த்து, நூல் வெளியே தெரியும்படி எங்கள் சாவியை வைத்தேன்.

கற்பூரம் காட்டினார்கள். வண்டிகளின் சங்கிலிப் பட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். “எடுங்கப்பா,” என்று யாரோ சொன்னதும் எல்லாரும் தாம்பாளத்தில் கைவிட்டார்கள். யாரும் குனிந்து தேடவில்லை. பொரி அள்ளுவதுபோல் அள்ளிக்கொண்டு போனார்கள். துண்டுக்கார அண்ணன் கையில் சிவப்பு நூல் தொங்கியது.

நான் கூப்பிடுவதற்குள் அவர் தம் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எங்கள் சாவியைப் போட்டுத் திருப்பினார். அவருடைய வண்டி கிளம்பியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. இந்தப் பக்கம் பார்த்தேன். யாருடைய சாவியோ போட்டு, இவருடைய வண்டியும் கிளம்பியிருந்தது. வரிசையாக எல்லாம் கிளம்பின.

நான் தாம்பாளத்தின் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“அண்ணே, அது எங்க வீட்டுச் சாவி.”

அவர் தம் கையைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் அந்தப் பக்கம் கெப்பாலாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு மறைக்கத் தெரியவில்லை, மறைக்க மனமும் இல்லை.

“சாவில என்னம்மா எங்க வீடு, உங்க வீடு? இந்த வண்டிங்க எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். எதை எடுத்து எதுல போட்டாலும் ஓடும். யாரு மறந்துட்டு வந்தாலும் பக்கத்துல வாங்கிக்குவோம்.”

“அப்ப அன்னிக்கு?”

“அன்னிக்கு என் சாவியப் போட்டுத்தான் ஓட்டிக்கிட்டிருந்தான். மேட்டு மேல நீ கைக்குட்டையத் தூக்கிக்கிட்டு நின்னே. பாத்தான் பாரு, வண்டிய நிறுத்திக் கீழ குதிச்சுட்டான். ‘அண்ணே, சாவி இல்லாம நிக்குதுன்னு சொல்லுங்க’ன்றான். சாவிய எங்கிட்டத் தூக்கிப் போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கையக் கட்டிக்கிட்டு நின்னான். கெப்பாலா கத்தினாரு, உனக்குக் கேட்டிருக்காது. ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தினேன்னு ஒரு மாசம் கூட்டிட்டாரு.”

“எல்லாருக்கும்தானே கூட்டினாங்க?”

“எங்களுக்கு எதுக்கும்மா கூட்டணும்?”

அண்ணன் நூலை விரலில் சுற்றினார். சிரிப்பை அடக்க முடியாமல் மீதியையும் சொல்லிவிட்டார்.

“இந்த நூல் வந்ததுலேருந்துதான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். பகல்ல ஆளு மாறும், வண்டி மாறும், சாவி எங்கெங்கேயோ போயிடும். சாயங்காலம் எல்லாரும் லாரில ஏறியாச்சு, உம் புருஷன் மட்டும் வண்டி வண்டியா ஏறி சிவப்பு நூலத் தேடிக்கிட்டிருப்பான். ‘மாப்பிள்ளை, எந்தச் சாவியா இருந்தா என்னலா, ஏறு’ன்னு கத்துவோம். அவன் எடுக்காம ஏறமாட்டான். அதுவரைக்கும் லாரி நிக்கும்.”

லாரி தாமதம் என்று அவர் சொன்னது பொய்யில்லை. லாரி தாமதம்தான்.

வீடு வந்தோம். அவர் கீழே குழாயடியில் கால் கழுவிவிட்டு மேலே வந்தார். நான் துண்டைக் கொடுத்தேன்.

“அண்ணன் சொல்லிட்டாரா?” என்றார்.

“சொல்லிட்டாரு.”

முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார்.

“என்னப் பாக்க வந்த அன்னிக்கே உங்கப்பாகிட்டச் சொல்லத்தான் வாயெடுத்தேன். காப்பி வந்துடுச்சு. அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அவரு கேக்குறாரு. என்னன்னு சொல்ல? இந்தச் சாவிய யாருக்கும் நம்பிக் குடுக்கலைன்னா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருப்பேன். நீ மண்ணு ஒட்டின காலோட மேட்டு மேல நின்னே. செருப்பு கையில இருந்துச்சு. சாவிய அத்தனை தூரம் கொண்டாந்திருக்கே. வண்டி ஓடிக்கிட்டிருந்தா உன் முகம் எப்படிப் போயிருக்கும்?” துண்டைக் கொடியில் போட்டார். “அது எனக்குப் பாக்க வேணாம்னு இருந்துச்சு.”

“வேலை போயிருந்தா?”

“கிரீஸ் போடத் தெரியும்லா எனக்கு.”

அப்பாவுக்கு என்ன சொல்வது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வந்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “சாவி பத்திரமா இருக்கா, மாப்பிள்ளை?” என்றார். இவர் தரையைப் பார்த்தார்.

“பத்திரமா இருக்குப்பா,” என்றேன் நான். “அதத் தேடி எடுக்காம இவரு லாரில கூட ஏறமாட்டாரு.”

அப்பா மிகுந்த திருப்தியோடு உட்கார்ந்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இவர் முதல்முறையாகத் தரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மறுநாள் விடியலில் தூக்கைக் கொடுத்தேன். பிறகு சாவியை எடுத்தேன். நூல் பழசாகிக் கறுத்திருந்தது.

“இனிமே இதத் தேடாதீங்க. அவங்களை லாரில காக்க வைக்க வேணாம். எது கையில கெடைக்குதோ அதக் கொண்டாங்க, நான் தொடைச்சு மாட்டிடுறேன்.”

“சரி,” என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பகலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இனி தினமும் ஒரு புதுச் சாவி வரும், எல்லார் சாவியும் ஒரு சுற்று இந்த ஆணிக்கு வந்துபோகும், எல்லாவற்றுக்கும் ஒருமுறை குங்குமம் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒரு விதத்தில் ஒழுங்காகவும் பட்டது.

மாலையில் கீழே கடைக்காரர் பலகைகளை அடுக்கத் தொடங்கியும் அவர் வரவில்லை. ஜன்னலில் நின்றேன். மற்ற ஆட்கள் தேக்கா முனையிலிருந்து நடந்து வருவது தெரிந்தது. துண்டுக்கார அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார். கடைசியில் இவர் வந்தார். படியேறி, செருப்பைக் கழற்றி, பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

சிவப்பு நூல் கட்டிய சாவி. நூலில் புதுச் சேறு.

நூலை அலசிப் பிழிந்து, ஆணியில் மாட்டினேன்.